கார் ஸ்பிரிங் எத்தனை நாள் உழைக்கும்? பழைய காலத்துப் பட்டை ஸ்பிரிங்கைச் சோதித்த விதம்

1900-ஐ ஒட்டிய வருடங்களில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கார் ஓட்டியவர்களுக்கு வழியில் ஸ்பிரிங் பட்டை உடைவது சர்வ சாதாரணம். உடைந்தால் அச்சுக்கும் சேஸுக்கும் (காரின் அடிச்சட்டம்) நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்கள். இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உடைந்த அன்று அந்தக் காரில் பெரும்பாலும் வழக்கமான பாரம்தான் இருந்திருக்கும், பள்ளமும் முந்தின நாள் விழுந்து எழுந்த பள்ளம் மாதிரிதான் இருந்திருக்கும். நேற்று வரை தாங்கிய பட்டை அதே பாரத்தில் இன்று உடைகிறது. அப்படியானால் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒரு கேள்வி, எத்தனை முறை தாங்கும் என்பது வேறு கேள்வி, இரண்டாவதற்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும். அந்தச் சோதனை எதை அளக்கிறது, எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைத்தான் இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப்போகிறேன்.

இன்றைய கார்களில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். லாரிக்கு அடியில் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அந்தக் காலத்துக் கார் ஸ்பிரிங். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை, அதன் இரண்டு முனையும் வளையமாகச் சுருட்டப்பட்டு சேஸோடு மாட்டப்பட்டிருக்கும். அதற்கு அடுத்தடுத்து நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள், எல்லாவற்றையும் நடுவில் துளைத்துப் பிடிக்கும் ஒரு சென்டர் போல்ட், அச்சோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட்டுகள், அவ்வளவுதான். 1804-இல் லண்டனைச் சேர்ந்த ஒபாடையா எலியட் குதிரை வண்டிக்காகக் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வாரிசு இது. நம்மூர் வில்வண்டியில் உட்கார்ந்தவர்களின் இடுப்பைக் காப்பாற்றியதும் இதே பட்டைகள்தான். 1885-இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கரக் காரைச் செய்தபோது பின்சக்கரங்களுக்கு இந்த வண்டி ஸ்பிரிங்கைத்தான் எடுத்து வைத்தார்.

ஒரே ஒரு தடித்த பட்டை போதாதா, எதற்கு இத்தனை? ஒரு பட்டையை வளைத்தால் அதன் ஒரு முகம் இழுபடும், மறுமுகம் நெருக்கப்படும், நடுவில் இருக்கும் எஃகு பெரிதாக எதையும் உணராது. ஒரே வளைவுக்கு வளைத்தால் 12 மில்லிமீட்டர் பட்டையின் முகம் எவ்வளவு இழுபடுகிறதோ அதில் பாதிதான் 6 மில்லிமீட்டர் பட்டையின் முகம் இழுபடும். ஆக மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்கினால் மொத்த பாரத்தையும் தாங்கலாம், நன்றாக வளையவும் செய்யலாம், எந்த ஒரு பட்டையும் அளவுக்கு மீறி இழுபடாது. 1852-இலேயே எடுவார் பிலிப்ஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயில் பெட்டி ஸ்பிரிங்குகளுக்காக இந்தக் கணக்கை முறையாக எழுதி வெளியிட்டுவிட்டார், எனவே கார் வந்தபோது எத்தனை பட்டை, என்ன தடிமன் என்று கணக்குப் போடுவது ஒன்றும் புது வித்தையாக இல்லை. குதிரை வண்டிக்கு இல்லாத ஒன்று காருக்கு இருந்தது, வேகம். அதே குண்டும் குழியுமான சாலையில் மூன்று நான்கு மடங்கு வேகத்தில் போனால் ஒவ்வொரு குழியும் அவ்வளவு பலமாக அடிக்கும், ஒரு நாளில் விழும் அடிகளின் எண்ணிக்கையும் அதே அளவுக்குக் கூடும்.

சரி, ஸ்பிரிங் கெட்டுப்போவது என்றால் என்ன? இரண்டு விதம். ஒன்று, தளர்ந்து படிந்துவிடுவது, அதாவது பாரத்தை எடுத்த பிறகும் பழைய வளைவுக்குத் திரும்பாமல் கொஞ்சம் தட்டையாகவே நின்றுவிடுவது. இதைச் சோதிப்பது எளிது, தொழிற்சாலைகளில் வெகு காலமாக நடக்கிறது. புது ஸ்பிரிங்கை ஓர் அழுத்தும் இயந்திரத்தில் வைத்து, சாலையில் வரக்கூடிய பாரத்தைவிடக் கூடுதலாக, கிட்டத்தட்டத் தட்டையாகும் வரை பல முறை அமுக்குவார்கள். முதல் அமுக்கலில் வளைவு கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். அதன் பிறகு எத்தனை முறை அமுக்கினாலும் உயரம் மாறக் கூடாது. மாறிக்கொண்டே போனால் எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தியதில் ஏதோ தவறு, அந்த ஸ்பிரிங்கை ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் கூடுதல் அமுக்கலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பாரத்தில் இழுபடப்போகும் முகத்தில் முன்கூட்டியே ஒரு நெருக்கம் தங்கிவிடுவதால் பின்னால் சாலையில் அந்த முகம் குறைவாக இழுபடும்.

இரண்டாவது விதம், உடைவது. தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் மேலே சொன்ன சோதனையில் அருமையாகத் தேறிய ஸ்பிரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் முறிந்துபோகும்.

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்குங்கள். ஒரே இழுப்பில் உங்களால் அதை அறுக்க முடியாது, ஆனால் பத்துப் பதினைந்து மடக்கில் தானாக விட்டுவிடும். உலோகச் சோர்வு என்பது இதன் மிக மெதுவான வடிவம், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கம்பியை நீங்கள் மடக்கும்போது அது மடங்கியபடியே நிற்கிறது, ஸ்பிரிங்கோ ஒவ்வொரு முறையும் முழுக்கத் திரும்பிவிடுகிறது, பார்த்தால் எதுவும் ஆகவில்லை என்றுதான் தோன்றும். இப்படி ஒழுங்காகத் திரும்பிக்கொண்டே இருக்கும் எஃகுக்குள் என்ன கெட்டுப்போகிறது என்பது ரொம்ப நாள் புரியாமலே இருந்தது. 1903-இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் பளபளப்பாகத் தேய்த்த ஸ்வீடன் இரும்பைத் திரும்பத் திரும்ப வளைத்து, இடையிடையே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில படிகத் துகள்களின் மேல் மெல்லிய கோடுகள் தோன்றின, ஆட்ட ஆட்ட அவை அடர்த்தியாகின, கடைசியில் அந்தக் கோடுகளின் வழியாகவே விரிசல் பிறந்தது. முழுப் பட்டையும் மீள்கிறது, ஆனால் மேற்பரப்பில் எங்கோ ஒரு துகள் மட்டும் ஒவ்வொரு முறையும் இம்மியளவு வழுக்குகிறது, அந்த வழுக்கல்கள் சேர்ந்து விரிசலாகின்றன. ஸ்பிரிங்கின் ஆயுளை மேற்பரப்பு தீர்மானிக்கிறது என்று பின்னால் சொல்லப்போகிறேன், அதற்கான காரணம் இதுதான்.

இந்தச் சோதனைகளின் பிறப்பிடம் ரயில். 1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த ரயிலில் இன்ஜின் அச்சு ஒன்று முறிந்து, பெட்டிகள் தீப்பிடித்து, ஏராளமானோர் செத்துப்போனார்கள். அதன் பிறகு அச்சுகள் ஏன் முறிகின்றன என்ற கேள்வியைப் பலரும் கையில் எடுத்தார்கள், ஆனால் அதை முழுசாகப் பிடித்தவர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர். அவர் செய்த முதல் காரியத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் இயந்திரத்தைக் கட்டும் முன்பு, ஓடும் ரயிலின் அச்சு உண்மையில் எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் கீறிக் காட்டும் ஒரு கருவியைச் செய்து, பிரெஸ்லாவுக்கும் பெர்லினுக்கும் இடையே ஓட்டி அளந்தார். நிஜத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதை இயந்திரத்தில் திரும்பச் செய்யப் போனார்.

1870 வரை நீண்ட அவருடைய சோதனைகளில் தெரிந்தது இதுதான். ஒரே முறையில் முறிக்கத் தேவையான விசையில் பாதிகூட வேண்டாம், அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எஃகு முறியும். விசையைக் குறைக்கக் குறைக்க, தாங்கும் முறைகள் பல மடங்காகக் கூடும். ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் அவர் இயந்திரத்தை எவ்வளவு காலம் ஓட்டியும் உடையவில்லை. கூடவே இன்னொன்று, ஸ்பிரிங்குக்கு இது மிகவும் வேண்டியது: உச்சத்தில் எவ்வளவு இழுபடுகிறது என்பது மட்டும் கணக்கில்லை, எங்கிருந்து எங்கே போய் வருகிறது என்ற வீச்சுதான் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஜெர்மனியின் க்ரூப் எஃகு ஆலையில் செய்த ஸ்பிரிங் எஃகையே எடுத்து அவர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். கார் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் பாதி வளைந்துதான் நிற்கிறது, குழியில் விழும்போது அங்கிருந்து இன்னும் வளைகிறது, எழும்பும்போது தளர்கிறது. எனவே ஸ்பிரிங்கைச் சோதிக்கும் எவரும் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும், நிற்கும்போது எவ்வளவு வளைவு, அங்கிருந்து மேலும் கீழும் எவ்வளவு ஆட்டம். ஒன்றை மட்டும் சொன்னால் அந்தச் சோதனை முடிவை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இவ்வளவு தெரிந்திருந்தும் கார் வந்த புதிதில் பலர் அவசரச் சோதனைகளை நம்பினார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பேராசிரியர் ஆர்னால்ட் ஓர் இயந்திரம் வைத்திருந்தார், எஃகுத் துண்டை நிமிடத்துக்கு 600 தடவைக்கு மேல் இரண்டு பக்கமும் பலமாக வளைக்கும், சில நிமிடங்களில் உடைத்துவிடும். கேப்டன் சாங்கி செய்த கருவி இன்னும் எளிது, கையால் முன்னும் பின்னும் மடக்கி எத்தனை மடக்கில் உடைகிறது என்று எண்ண வேண்டியதுதான். வேகமான முடிவு, குறைந்த செலவு, ஆனால் நான் மேலே சொன்ன கட்டுக்கம்பிச் சோதனையைத்தான் இவை நடத்துகின்றன, துண்டு ஒவ்வொரு முறையும் நிரந்தரமாக மடங்குகிறது. அப்படி மடக்கும்போது நெகிழ்வான மென்மையான எஃகு நன்றாகத் தேறும், கடினமான எஃகு சீக்கிரம் போய்விடும். சாலையில் சிறு சிறு வீச்சில் லட்சக்கணக்கான முறை ஆடும்போது நிலைமை தலைகீழாகி, கடினமாகப் பதப்படுத்திய எஃகுதான் நீண்ட நாள் உழைக்கும். அவசரச் சோதனையில் முதல் மார்க் வாங்கிய எஃகை ஸ்பிரிங்குக்குத் தேர்ந்தெடுத்தால் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தச் சமயத்தில் வனேடியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலந்த எஃகின் புகழ் ஓங்கியிருந்தது. 1904-இல் சாங்கியும் கென்ட் ஸ்மித்தும் குரோமியம், வனேடியம் கலந்த எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் சோதனைகளை லண்டனில் இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார்கள். ஹென்றி ஃபோர்ட் பின்னாளில் எழுதியபடி, 1905-இல் பாம் பீச்சில் ஒரு பந்தயத்தில் நொறுங்கிய பிரெஞ்சுக் காரின் வால்வுத் துண்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பார்த்துத்தான் அவர் வனேடியத்தைத் தேடிப் போனார். சாதாரண எஃகு சதுர அங்குலத்துக்கு 60,000 முதல் 70,000 பவுண்டு இழுவிசை தாங்கியது, வனேடியம் சேர்த்ததும் 1,70,000-க்குப் போனது என்பது அவர் கொடுத்த கணக்கு. 1908-இல் வந்த மாடல் டி காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, குறுக்காக வைத்த இரண்டே இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள், வனேடியம் எஃகு என்பது அந்தக் காரின் பெரிய விளம்பரம். நல்ல எஃகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1,70,000 என்பது ஒரே இழுப்பில் அறுக்கும் கணக்கு, அதைப் பார்த்து ஸ்பிரிங் இரண்டரை மடங்கு நாள் உழைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இழுவிசை கூடினால் சோர்வைத் தாங்கும் திறனும் கூடத்தான் செய்யும், ஆனால் வழுவழுப்பாகத் தேய்த்த சோதனைத் துண்டில் கூடும் அளவுக்கு, உலையிலிருந்து சொரசொரப்பாக வெளியே வந்த பட்டையில் கூடாது.

காரணம் மறுபடியும் மேற்பரப்புதான். பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சும்போது வெளித்தோலில் உள்ள கார்பன் காற்றோடு சேர்ந்து எரிந்துபோகும். உள்ளே கெட்டியான ஸ்பிரிங் எஃகு, வெளியே மெல்லிய மென்மையான ஒரு தோல். நம் கொல்லுப்பட்டறைகளில் பழைய லாரிப் பட்டையை அருவாளாக அடிப்பவர்கள் அந்தத் தோலைச் சாணை பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் நல்ல எஃகில் கூர் ஏற்றுகிறார்கள். ஸ்பிரிங்கிலோ அதிகம் இழுபடும் இடமே அந்தத் தோல்தான். அதில் உருளையில் உருட்டியபோது விழுந்த கீறல், கருகிய செதில் இருந்த குழி, துரு தின்ற புள்ளி என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்து கிளம்பிவிடும்.

சரி, நல்ல ஸ்பிரிங் சோதனை எப்படி இருக்க வேண்டும்? துண்டை விட்டுவிட்டு முழு ஸ்பிரிங்கையே, காரில் பொருத்துவது போலவே யூ போல்ட் இறுக்கி, முனைகளை ஷேக்கிளில் (வளையும்போது முனை நகர இடம் தரும் இணைப்பு) மாட்டி இயந்திரத்தில் வைக்க வேண்டும். மோட்டாரால் சுழலும் மையம் விலகிய ஒரு தட்டு, அதோடு இணைந்த தண்டு, அது ஸ்பிரிங்கின் நடுவை மேலும் கீழும் தள்ளும். தண்டின் நீளத்தை மாற்றினால் நிற்கும் வளைவு மாறும், மைய விலகலை மாற்றினால் ஆட்டத்தின் வீச்சு மாறும். எத்தனை முறை ஆடியது என்று எண்ண ஒரு கருவி, பட்டை உடைந்தால் மோட்டாரை நிறுத்த ஒரு சுவிட்ச். இடையிடையே நிறுத்தி உயரத்தையும், குறிப்பிட்ட வளைவுக்குத் தேவைப்படும் பாரத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் உடையும் முன்பே ஸ்பிரிங் தளர ஆரம்பித்திருக்கலாம்.

எத்தனை முறை ஆட்டுவது? ஒரு சின்னக் கணக்கு. காரின் பாரத்தில் ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்றால் அந்தக் கார் நிமிடத்துக்குச் சுமார் 95 முறை ஆடும், 25 சென்டிமீட்டர் அமுங்கினால் 60 முறை. (ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் மனிதன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் வேகத்துக்கு ஏற்ப இந்த ஆட்டத்தை அமைத்தார், அவருடைய கார்களின் சொகுசுக்கு அது ஒரு காரணம்.) நிமிடத்துக்கு 95 என்று வைத்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 190 ஆட்டம், 10,000 கிலோமீட்டருக்கு 19 லட்சம். இயந்திரத்தை நிமிடத்துக்கு 180 முறை ஓட்டினால் இதை முடிக்க இரவும் பகலுமாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வேகத்தைக் கூட்டினால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும், நடுவில் போட்ட கிரீஸ் உருகி ஓடும், அப்புறம் நாம் சோதிப்பது சாலையில் ஓடும் ஸ்பிரிங்கை அல்ல. வீச்சைக் கூட்டினால் ஆர்னால்ட் இயந்திரத்தின் பழைய கதை திரும்பும். மிதமாகக் கூட்டலாம், ஆனால் உடையும் இடமும் உடையும் விதமும் சாலையில் உடைவதைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலையில் சென்டர் போல்ட் துளை அருகிலோ, யூ போல்ட் இறுக்கத்தின் விளிம்பிலோ, முனை வளையத்தின் அடியிலோ உடைகிறது, உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்றது போல வரிவரியாக ஒரு வழுவழுப்பான பகுதியும், கடைசியில் சட்டென்று முறிந்த சொரசொரப்பான பகுதியும் தெரியும். இயந்திரத்தில் வேறு இடத்தில் வேறு விதமாக உடைந்தால் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

கீழ்நோக்கிய ஆட்டத்தை மட்டும் சோதித்தாலும் தப்பு. கார் பள்ளத்தில் விழும்போது எல்லாப் பட்டைகளும் சேர்ந்து தாங்குகின்றன. துள்ளி எழும்பும்போது கீழ்ப் பட்டைகள் விலகிக்கொள்ள, சக்கரமும் அச்சும் மெயின் பட்டை ஒன்றில் மட்டும் தொங்கும். அந்தக் கண நேரத்தில் அது தனியாக எதிர்ப்பக்கம் வளைவதால்தான் மெயின் பட்டைகள் அதிகம் உடைந்தன, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் வந்ததும் அதனால்தான். பிரான்சின் த்ரூஃபோ கண்டுபிடித்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் விற்ற உராய்வு ஷாக் அப்சார்பர் அந்தத் துள்ளலைக் குறைத்தது. அதைச் சொகுசுக்கான கருவி என்று பலர் நினைக்கிறார்கள், ஸ்பிரிங்கின் ஆயுளையும் அது நீட்டித்தது.

சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. 1900-இல் பிரிட்டனில் நடந்த ஆயிரம் மைல் ஓட்டம், 1905 முதல் அமெரிக்காவில் நடந்த கிளிடன் பயணங்கள் என்ற நெடுந்தூரக் கார் ஓட்டங்கள், 1907-இல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே போய்ப் போய் வந்து 14,371 மைல் ஓடிய ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், இவற்றுக்கெல்லாம் கிடைத்த பெயர் இயந்திரச் சோதனைக்குக் கிடைக்கவில்லை. சேறு, மழை, துரு, ஓட்டுநரின் அவசரம் எல்லாம் சேர்ந்து வருவது சாலையில்தான், தண்ணீர் பட்ட எஃகு சோர்வை மிகக் குறைவாகவே தாங்கும் என்பதால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு கார் ஓடி முடித்தது என்பதிலிருந்து அடுத்த காரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? ஒரே உலையில் ஒரே நாளில் செய்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு உழைப்பது சோர்வுச் சோதனையில் சகஜம். பல ஸ்பிரிங்குகளை உடைத்துப் பார்த்தால்தான் எந்த எண்ணிக்கையில் முதல் சில உடையத் தொடங்கும் என்பது தெரியும், வாங்குபவருக்கு வேண்டியதும் அந்த எண்தான், சராசரி அல்ல. சாலையையே சோதனைக்கூடமாக்கும் யோசனை பின்னால் வந்தது, 1924-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மிஷிகன் மாநிலத்தில் மில்ஃபோர்டில் தனக்கென்று சோதனைச் சாலைகளையே அமைத்தது.

சாலையில் ஆட்டம் ஒரே அளவில் வருவதில்லையே, பெரிய குழி, சின்னக் குழி என்று கலந்துதானே வருகிறது? அதற்கான கணக்கை 1924-இல் ஸ்வீடனின் பால்ம்கிரேன் பந்துத் தாங்கிகளுக்காக (பால் பேரிங்) சொன்னார், 1945-இல் அமெரிக்காவின் மைனர் விமானங்களுக்காக மறுபடி வகுத்தார். பெரிய வீச்சில் ஒரு லட்சம் முறை ஆடினால் உடையும் என்றால், பத்தாயிரம் முறை ஆடியதும் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு செலவு. நடுத்தர வீச்சில் பத்து லட்சம் முறை தாங்கும் என்றால், ஐந்து லட்சம் ஆட்டம் பாதி ஆயுளைத் தின்றிருக்கும். இந்தப் பங்குகளைக் கூட்டி ஒன்றுக்கு வந்தால் உடையும் நேரம் நெருங்கிவிட்டது. தோராயமான கணக்குதான், வரிசை மாறினால் விடை மாறும், ஆனாலும் இன்றுவரை எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஸ்பிரிங்கின் ஆயுளை உண்மையில் தூக்கி நிறுத்திய வேலைகளில் ஒன்று 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்மன் முறைப்படுத்திய குண்டடிப்பு. சிறு சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி இழுபடும் முகத்தை அடித்தால், அந்தத் தோல் விரியப் பார்க்கும், உள்ளே இருக்கும் எஃகு அதை விடாது, அதனால் தோலில் ஒரு நிரந்தர நெருக்கம் தங்கிவிடும். எஃகின் வகையை மாற்றாமல் தோலை மட்டும் இப்படி மாற்றியதில் ஸ்பிரிங்குகள் பல மடங்கு உழைத்தன.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனை இயந்திரத்தையெல்லாம் தேட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள். எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணப்பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து மெல்லப் பூசிக் காயவிடுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் சுண்ணத்தில் கசிந்து மெல்லிய கோடாகத் தெரியும், ரயில்வே பட்டறைகளில் அச்சுகளுக்குச் செய்து வந்த முறைதான் இது. வளைவின் உட்குழிந்த முகம்தான் பாரத்தில் இழுபடும், அதனால் அதை முதலில் பாருங்கள், குறிப்பாகச் சென்டர் போல்ட் துளையின் இரு பக்கமும், மெயின் பட்டையின் வளையம் தொடங்கும் இடமும். கோடு தெரிந்த பட்டையை வெல்டிங் வைத்துத் திரும்ப மாட்டாதீர்கள், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதமே போய்விடும், புதுப் பட்டைதான் போட வேண்டும்.